வூட்டு வேலை

தள்ளுவண்டிக்காரர் ஒருமுறை பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொத்தைக் கத்திரிக்காய் போட்டுவிட்டார். வேறு யாராக இருந்தாலும் நறுக்கும்போது ரெண்டு வசவு விட்டுவிட்டுக் குப்பையில் எறிந்திருப்பார்கள். அக்கா அந்தக் காயை, உள்ளே இருந்த புழுவோடு, ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். வண்டிக்காரர் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, நெற்றி நிறைய விபூதியோடு தெருமுனையில் குரல் கொடுத்த அன்று, அக்கா டப்பாவோடு போய் அவருடைய தராசுத் தட்டில் அதைக் கவிழ்த்தாள்.

"இன்னாம்மா இது?"

"நீ குடுத்ததுதான். எனக்குக் காசு வாணாம். வேற காயும் வாணாம். சொத்தய குடுத்துட்டேன்னு சொல்லு, போதும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. அப்போதும் நகரவில்லை. கடைசியில் அவர், "சொத்தய குடுத்துட்டேம்மா, தாயே" என்றார். "சரி, கால் கிலோ வெண்டக்கா போடு" என்றாள் அக்கா. முகத்தில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. அதற்குப் பிறகும் அவரிடம்தான் காய் வாங்கினாள்.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு பெயர் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டு ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை அவள் வீட்டில்தான் பார்த்தேன். என் கணவருக்கு அரிசி ஆலையில் வேலை கிடைத்து நாங்கள் கள்ளக்குறிச்சிக்குக் குடிபோனபோது, கச்சிராயபாளையம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அவள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் எங்களுக்கு வீடு அமைந்தது. நடுவில் ஒரே சுவர். அவள் அம்மிக்கல்லை நகர்த்தினால் எங்கள் அடுக்களையில் கரண்டி ஆடும். அவளுடைய கணவர் பஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் ஊர்ப் பெயர்களைத் தவிர வேறெதுவும் வராத அளவுக்கு அமைதியான மனிதர். மகளை உளுந்தூர்பேட்டை பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு ஒரே தம்பி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான்.

அந்தத் தம்பி ஒரு மினி வேன் வைத்திருந்தான். கல்வராயன் மலைமேல் ஏறி, கரியாலூர் பக்கத்துக் காடுகளிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு வருவான். மணலூர்பேட்டையில் அவனுக்குப் பெண் பார்த்து, பூ வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருநாள் மலையடிவாரத்தில் போலீஸ் வண்டிகளை மறித்துச் சோதனை போட்டது. முன்னால் நின்ற காரில் சாராயம் இருந்தது. வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் எல்லாரையும் இறக்கி ஓரமாக நிற்கவைத்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளூர் கேபிள் டிவியின் கேமரா அங்கே வந்துவிட்டது. வெயில் தம்பியின் முகத்தில் நேராக விழுந்திருக்கும்போல. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவனுக்குக் குனிய என்ன இருக்கிறது? நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலமே அவனை விட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. கிழங்கு வாடிப்போனதுதான் நஷ்டம். ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் அவன் முகம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர், தகப்பன் பெயர், தெருப் பெயர் எல்லாம் போட்டு, சாராயக் கும்பல் சிக்கியது என்று. நகைக்கடை விளம்பரத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் மூன்று நாள் அதையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். மணலூர்பேட்டைக்காரர்கள் பூவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பி வேனை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனான்.

அக்கா டிவி ஆபீசுக்குப் போனாள். நானும் உடன் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறை. முதலாளி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஊறுகாயை நக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"என் தம்பி மேல கேஸ் இல்ல. அத நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க, போதும்" என்றாள் அக்கா.

"ஏம்மா, நியூசுன்னா அப்படித்தான். இன்னிக்கிப் போடுவோம், நாளைக்கி எல்லாம் மறந்துடும். நீ இதப் போயி பெருசா எடுத்துக்கினு..." டிபன் பாக்சை மூடினார். "போம்மா. போயி வூட்டு வேலயப் பாரு."

அங்கே வேலை செய்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அக்கா எழுந்து புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கேபிள் ஒயரை அறுத்துக் கீழே போட்டாள்.

"கிரிக்கெட்டு ஓடிக்கினு இருக்குது" என்றார் அவளுடைய கணவர், திகைத்துப்போய். "நான் இன்னா பண்ணேன்?"

"டீக்கடையில போயி பாரு."

அதன் பிறகு அவர் எல்லா மேட்சையும் டீக்கடையில்தான் பார்த்தார்.

மறுநாள் காலை அக்கா என்னிடம் வந்தாள். கையில் போன். "தங்கச்சி, நீ காலேஜ் படிக்கும்போது இதுல என்னமோ எழுதிக்கினு இருந்தேன்னு சொன்னியே. அது எப்படி?"

"ப்ளாக்கா அக்கா? அதெல்லாம் இப்ப யாரு படிக்கிறா?"

"யாரும் படிக்க வாணாம். எனக்கு ஒண்ணு போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். "வூட்டு வேலை" என்றாள். "வூட்டு வேலயப் பாருன்னான் இல்ல? பாக்கறேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குழாய்த் தண்ணீர் பிடித்து, கணவருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அடுக்களைப் படியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவாள். அன்றன்று வீட்டில் நடந்தது மட்டும்தான். பேசுகிற மாதிரியே எழுதுவாள். ஒரு நாள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கொழாத் தண்ணி கலங்கலா வந்துச்சு. மொதல்ல வந்தத செடிக்கு ஊத்திட்டேன். முருங்கக்கீர ஆஞ்சேன், பூச்சி ஜாஸ்தி. உப்புத் தண்ணியில போட்டா பூச்சி மெதந்துடும். கீரக் கொழம்பு, வாழக்கா வறுவல். புளி கம்மியாத்தான் போட்டேன், இருந்தும் புளிச்சுப் பூடுச்சு. அவருக்கு இன்னிக்கு சேலம் ரூட்டு."

கொஞ்சம் இடம் விட்டு, கடைசியாக ஒரு வரி. அந்த டிவியின் பெயர், முதலாளியின் பெயர் இனிஷியலோடு, தம்பியின் பெயர் தகப்பன் பெயரோடு. இன்னார் டிவி என் தம்பி மேல போட்ட சாராயப் பொய்ய இன்னிக்கும் திருத்தல.

தினமும் அந்த வரி. காய்ச்சல் வந்து கஞ்சி குடித்த நாளிலும் எழுதினாள். மகளுக்குப் பிரசவம் ஆனபோது உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பெண் குழந்தை பிறந்த செய்தியை எழுதினாள். அதற்கும் கீழே அதே வரி.

கேபிளை அறுத்ததோடு பேப்பரையும் நிறுத்தியிருந்தாள். ஆனால் ஊர் சமாசாரம் தெரியாமல் அவளால் இருக்க முடியாது. போனில் தேட ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, எத்தனை பேர் சொந்தமாகச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று. சின்னசேலத்தில் ஒரு பையன் செல்ஃபி குச்சியில் போனை மாட்டிக்கொண்டு மரவள்ளி விலையும் மழையும் சொல்வான். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஏரிகளைப் பற்றியே எழுதுவார். கோவில் திருவிழாக்களை மட்டும் படம் பிடிக்கிற ஒருவர் இருந்தார். அக்கா எல்லாருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினாள்: தப்பா சொல்லிட்டா மறுநாள் தப்புன்னு சொல்லுவீங்களா?

பலர் பதில் போடவில்லை. சிலர் கும்பிடும் படத்தை அனுப்பினார்கள். சின்னசேலத்துப் பையன் மட்டும், "கண்டிப்பா சொல்லுவேங்க அக்கா" என்று எழுதினான். அவள் அதையும் நம்பிவிடவில்லை. காத்திருந்தாள். ஒருநாள் அவன் கோமுகி அணை திறக்கும் கிழமையை மாற்றிச் சொல்லிவிட்டான். அக்கா உடனே எழுதினாள். அடுத்த நாள் அவன் வீடியோவின் தொடக்கத்திலேயே, "நேத்து நான் சொன்னது தப்புங்க, கச்சிராயபாளையம் ரோட்டுல ஒரு அக்கா சொன்னாங்க, மன்னிக்கணும்" என்றான். அக்கா அந்த இடத்தை எனக்கு எத்தனை முறை போட்டுக் காட்டியிருப்பாள்! "பாரு, வாய் கோணிக்கிச்சா? செத்தா பூட்டான்? எவ்ளோ லேசா சொல்லிட்டான் பாரு." அன்றிலிருந்து அவன் குரல்தான் அவள் அடுக்களையில். குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே சுவர் வழியாக எனக்கும் கேட்கும்.

அவனே ஒருமுறை அவளுக்குப் போன் செய்தான். தம்பியின் கதையைத் தன் சேனலில் போடுவதாகச் சொன்னான். ஒரே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்றான்.

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம்பா" என்றாள் அக்கா. "பொய் சொன்ன வாயி எது? அந்த வாயி சொல்லட்டும்."

ஆனால் ஆதாரம் சேர்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வந்தது. அவள் எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டே, ஜன்னல் வழியாகத் தம்பி நிறுத்தப்பட்ட இடத்தைப் போனில் படம் பிடித்தாள். கரியாலூரில் நீர்வீழ்ச்சி பார்க்க வந்த கூட்டம் அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தது. தம்பிக்கு வழக்கமாகக் கிழங்கு போடுகிற பெண்ணைத் தேடிப் பிடித்தோம். அவள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மண் கையோடு வந்து நின்றாள்.

"அன்னிக்கு என் தம்பி வண்டில இன்னா ஏத்துனீங்க?"

"கெழங்குதான். வேற இன்னா ஏத்துவோம்?" அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க டிவியா?"

"இல்ல. அந்த டிவிய ஒழிக்க வந்திருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு அது பிடித்துவிட்டது. மரவள்ளியைச் சுட்டு, மிளகாய்த் துவையலோடு தந்தாள். "கேமராவத் தூக்கிக்கினு வரவங்க எல்லாம் சாராயம் எங்க, சாராயம் எங்கன்னுதான் கேக்கறாங்க. சாமப் பயிரு வெளஞ்சு நிக்குது. கெழங்கு மலயாட்டம் குமிஞ்சு கெடக்குது. அத ஒருத்தன் படம் புடிச்சதில்ல. நல்லா எழுதுக்கா. என் பேரப் போட்டே எழுது" என்றாள். அக்கா அவளையும் கிழங்குக் குவியலையும் படம் பிடித்தாள். அன்றைய பதிவில் சுட்ட கிழங்கின் ருசிதான் பெரும்பகுதி. கீழே அந்தப் பெண் சொன்னது. அதற்கும் கீழே வழக்கமான வரி.

யாரும் படிக்க வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் படித்தார்கள். கீரையில் பூச்சி எடுப்பதற்கும், அடிப்பிடித்த பாத்திரம் துலக்குவதற்கும், புளித்துப்போன மாவைச் சரிசெய்வதற்கும் தேடி வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். "அக்கா, வூடுன்னு படிக்கும்போதே அழுகையா வருது" என்று ஒருத்தி. சமையலைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு, கடைசியில் எல்லாரும் கேட்பார்கள்: "இன்னிக்கும் திருத்தலயாக்கா அந்தாளு?" கொஞ்ச நாளில் அது அவர்களுக்குள் ஒரு வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது. டிவி முதலாளியின் பெயரைப் போனில் தேடினால் அவருடைய டிவி வரவில்லை. அக்காவின் வாழைக்காய் வறுவல் வந்தது.

அவர் ஆள் அனுப்பினார். கேபிள் பணம் வசூலிக்கிற ஆள்தான். வாசலில் நின்று, "கேஸ் போடுவோம்னு சொல்லச் சொன்னாரு" என்றான்.

"போடச் சொல்லு. கோர்ட்டுல அந்த வீடியோவப் போட்டுக் காட்டுவாங்கல்ல? ஜட்ஜும் பாக்கட்டும்." பிறகு மோர் குடிக்கிறாயா என்று அவனைக் கேட்டாள். அவன் குடித்துவிட்டுத்தான் போனான்.

எனக்கு அந்த நாட்களில் அவளை ரொம்பவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். காலையில் அவள் பதிவு வந்துவிட்டதா என்று பார்த்து, அந்தக் கடைசி வரியைப் படித்தபின்தான் எனக்கு காப்பி இறங்கும். அந்த டிவி முதலாளி எங்கோ உட்கார்ந்து அதைப் படிக்கிறார், அவருக்கு நெஞ்சு எரிகிறது என்று நினைக்கும்போது உள்ளே ஏதோ இனித்தது.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். எங்கள் வீட்டுக்கும் கரும்பு கொண்டுவந்து கொடுத்தான். இளைத்திருந்தான். கொல்லையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே பேசினான்.

"அக்கா, அந்த ப்ளாக்க நிறுத்து."

"ஏன்டா?"

"திருப்பூர்ல பொண்ணு பாக்கப் போனோம். அந்த வூட்டுப் பையன் போன்ல என் பேரப் போட்டுப் பாக்குறான். உன்னுதுதான் வருது. வரிசையா. சாராயம் சாராயம்னு. அந்த எடமும் பூடுச்சு. எங்க சூப்பர்வைசர் கூப்புட்டு இன்னாடா இதுன்னு கேக்குறாரு."

"நீ பண்ணலன்னுதான்டா எழுதுறேன்?"

"படிக்கிறவன் முழுசாவா படிக்கிறான்? அந்தாளு மூணு நாள் போட்டான்க்கா. நீ தெனம் போட்டுக்கினு இருக்க."

அக்காவின் கை நின்றது. ஒரு பூண்டுப் பல் உருண்டு கீழ்ப்படியில் விழுந்தது. அவன் குரல் இறங்கியது. "எனக்காகத்தான எழுதுற? நானே சொல்றேன். வுட்டுடு."

"உனக்காகன்னு யார்ரா சொன்னது?"

அவன் அவளையே பார்த்தான்.

"அத்தினி பேரு முன்னால என்ன வூட்டு வேலயப் பாருன்னான். அவன் பயலுங்க சிரிச்சானுங்க. நான் அதுக்கு எழுதுறேன். நீ போயி உன் வேலயப் பாரு."

மாட்டுப் பொங்கலுக்குக்கூட இருக்காமல் அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். மறுநாள் பதிவில் அவனுடைய பெயர் இல்லை. வெறுமே "என் தம்பி" என்று இருந்தது. அந்த மட்டும் இறங்கிவந்தாளே என்று நினைத்து, "பழசுலயும் பேரை எடுத்துடலாமேக்கா, நான் எடுத்துத் தர்றேன்" என்றேன். தலையை ஆட்டினாள். "பழசெல்லாம் நடந்தது. நடந்தத எப்படி மாத்துறது? அப்பறம் அந்த டிவிக்காரனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?" என்றாள்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், டிவி முதலாளியின் மனைவி வந்தாள். தனியாக வந்தாள், குடைகூட இல்லாமல். யாரென்று சொன்னதும் அக்கா, "வாங்க, உக்காருங்க" என்று பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு உளுந்து புடைக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாள் முறச்சத்தத்துக்கு நடுவே பேச வேண்டியிருந்தது.

"எங்க பொண்ணுக்கு எடம் வந்துச்சுங்க. பையன் சிங்கப்பூர்ல. எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப அவுங்க வூட்டுப் பொம்பளைங்க உங்க எழுத்தப் படிச்சுட்டு, பொய் சொல்லிப் பொழைக்கிற குடும்பமான்னு கேக்கறாங்க. உங்களுக்கும் பொண்ணு இருக்குது."

"தம்பியும் இருந்தான்" என்றாள் அக்கா. "மணலூர்பேட்டையில அவனுக்குப் பூ வச்சிருந்தோம்."

அந்த அம்மாள் அழுதாள். அக்கா கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பொறுமையாகப் புடைத்தாள். பிறகு சொன்னாள்: "உங்க வூட்டுக்காரர் டிவில உக்காந்து சொல்லணும். வேலைக்காரப் பையன வுட்டு இல்ல, அவரு சொல்லணும். மூணு நாள் போட்டாரு, மூணு நாள் சொல்லணும். அதே நேரத்துக்கு. என்னை இன்னா சொல்லி அனுப்பிச்சாரோ அதையும் சேத்துச் சொல்லணும்."

முதலாளி ஒப்புக்கொண்டார். மறுப்புச் செய்தி ஓடிய முதல் நாள், தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. அக்காவின் வீட்டில்தான் கேபிள் இல்லையே. சம்மணம் போட்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். நகைக்கடை விளம்பரம் முடிந்ததும் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு தாள். தம்பியின் பெயரைச் சொன்னார், அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொன்னார், தவறுக்கு வருந்துகிறோம் என்றார். கொஞ்சம் நிறுத்தி எச்சில் விழுங்கினார். "நியாயம் கேட்டு வந்த அவருடைய அக்காவை வீட்டு வேலையைப் பார் என்று சொன்னேன். அதுவும் தவறு." நெற்றியில் வேர்வை மின்னியது. யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வேர்வையை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டமாட்டார்களா என்று இருந்தது எனக்கு.

அக்கா மூன்று நாளும் வந்து பார்த்தாள். மூன்றாம் நாள் எழுந்து, "சரி, மாவாட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைய பதிவின் கடைசி வரி: "திருத்திட்டாரு."

இரண்டு நாள் கழித்து முதலாளியின் மனைவி போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிடும்படி அவள் கேட்டாள். பையன் வீட்டார் இன்னும் அதைத்தான் படிக்கிறார்கள் என்றாள்.

"அழிக்கறேன்னு நான் சொல்லலியே" என்றாள் அக்கா. "தெனம் திருத்தலன்னு எழுதினேன். அன்னிக்கு அன்னிக்கு அது நெசம். திருத்தின அன்னிக்கு திருத்திட்டாருன்னு எழுதிட்டேன். அதுவும் நெசம். படிக்கிறவங்க கடைசி வரைக்கும் படிக்கட்டும்."

அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. அந்தப் பெண்ணை நான் ஒருமுறை மருந்துக் கடையில் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். தலை சீவாமல், யாரையும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் மெழுகிக்கொண்டிருந்த அடுப்பு மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ம்" என்றாள். எனக்கு அன்று அவள்மேல் பயம் வந்தது. அதுவரை இனித்துக்கொண்டிருந்தது எனக்குள் எங்கோ ஓர் இடத்தில் திரிந்துவிட்டது.

டிவியில் வந்த வீடியோவை அவள் தம்பிக்கு அனுப்பியிருந்தாள். அவன் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நின்றான். கூட ஒரு பெண். கழுத்தில் மஞ்சள் இன்னும் மங்காத தாலிக்கயிறு. அக்கா கோல மாவுக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எப்படா?"

"தை கடைசில. திருப்பூர்ல, கோயில்ல வச்சு."

"நான் ஒருத்தி இங்க இருக்கேன்னு..." அவள் பேச்சைப் பாதியில் விட்டு அன்றுதான் பார்த்தேன். "ஏன்டா சொல்லல?"

அவன் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டான். அந்தப் பெண்தான் பேசினாள். சின்னப் பெண், மறைத்துப் பேசத் தெரியாதவள். "நீங்க எழுதிடுவீங்கன்னு பயந்துகினு இருந்தாரு அண்ணி. எங்க வூட்ல எனக்கு மட்டுந்தான் அந்த டிவி விசயம் தெரியும். எங்கப்பா படிச்சுட்டா வுடமாட்டாருன்னு..." சொல்லிக்கொண்டே போய், தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அக்கா கிண்ணத்தைத் திண்டில் வைத்துவிட்டு, ஆரத்தி கரைக்க உள்ளே போனாள்.

அன்று முழுக்க அவள் அடுக்களை ஓயவில்லை. என்னையும் கூப்பிட்டுத் தேங்காய் துருவ வைத்தாள். வடை சுட்டாள். சாம்பார், காரக்குழம்பு, மூன்று வகைப் பொரியல், அப்பளம், பாயசம். வாழையிலை போட்டு, தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தானே பரிமாறினாள். அந்தப் பெண் வெட்கப்படாமல் சாப்பிட்டாள். "அண்ணி, உங்க ப்ளாக்கப் பாத்துதான் நான் கீரக் கொழம்பு வெக்கக் கத்துக்கினேன்" என்றாள். அக்கா அவளுக்கு இன்னொரு வடை வைத்தாள். ஒரு பட்டுப்புடவையும் தன் கையிலிருந்த வளையல்களில் ஒரு ஜோடியும் கொடுத்தாள். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு சொம்பு நிறையப் பாயசம் ஊற்றித் தந்தாள். பொழுது சாய்வதற்குள் அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தாள்.

வழக்கமாகக் காலையிலேயே எழுதிவிடுகிறவள், அன்று அதற்குப் பிறகுதான் அடுக்களைப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் போனில் அவள் பதிவு வந்து விழுந்தது. எப்போதையும்விடச் சின்னது.

"காலைல தண்ணி வரல. வூட்டுக்கு யாரும் வரல. அவருக்கு டூட்டி. நான் ஒருத்திதான, ரசமும் தொவயலும் வச்சேன்."

என் மேசைமேல் அவள் கொடுத்த பாயசம் இன்னும் ஆறவில்லை.